கையில் ஊசி, அடுப்பில் உலை, இடுப்பில் குழந்தை: எதை முதலில் கீழே வைப்பது?

நூல்கண்டு (இந்த உரையாடல் இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 4 வயதில் ஒரு மகளும் 14 மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகளுக்கென்று உல்லன் நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. முதுகுப் பகுதி மட்டும் ஒரு சாண் அளவுக்கு வந்திருக்கிறது. ஆசையின் வேகத்தில் இலை வடிவம் விழும் துளைப் பின்னலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பதினாறு வரிசைகள் கொண்ட வடிவம் அது. எந்த வரிசையில் நிற்கிறேன் என்பதை ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதலிலிருந்து எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் அழுதுவிடுகிறார்.

நேற்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். பருப்பு வேகட்டும் என்று அடுப்பில் வைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு வரிசை போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். மகன் தவழ்ந்து வந்து ஊசியை உருவினான். ஊசியில் இருந்த நாற்பது கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஒரே இழுப்பில் கழன்றன. அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தபோது பருப்பு அடிப்பிடித்த வாடை வந்தது. அதைச் சுரண்டி எடுத்து, மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒருவழியாகத் தாளித்துப் பரிமாறினால், மகள் ஒரு வாய் வாங்கித் துப்பிவிட்டு, "கறுப்பு வாசனை" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் சமையலையும் பின்னலையும் சேர்த்து நடத்துகிறவர்கள் எப்படி நடத்துகிறீர்கள்? பிள்ளைகள் வளரும்வரை பின்னலை மூட்டை கட்டி வைப்பதுதான் வழியா? மகள் சாப்பாட்டில் காட்டும் பிடிவாதத்துக்கும் யாராவது வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரட்டைவால் எழுதியது:

இழையைத் தொடங்கிய தோழிக்கு வணக்கம். எனக்கு இரட்டைப் பிள்ளைகள், இப்போது 5 வயது. என் புனைபெயருக்குக் காரணம் அவர்களே. நீங்கள் பட்ட பாட்டை நானும் மூன்று ஆண்டுகள் பட்டிருக்கிறேன்.

அந்த மூன்று ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒரு நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவரை எதுவும் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை எழுந்து போகிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பதினோரு முறை அறுபடும் ஒரு மணி நேரத்தில் துளைப் பின்னல் போடவும் முடியாது, பொரியல் வதக்கவும் முடியாது. ஆனால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வேலையாக இருந்தால், அந்த மணி நேரம் நிறையவே தருகிறது. எனவே, "இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்பதற்கு முன்பு, "இதைப் பாதியில் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். விட்டால் கெட்டுப்போகும் வேலைகளைப் பிள்ளைகள் உறங்கும் நேரத்துக்குத் தள்ளினேன். விட்டால் அப்படியே காத்திருக்கும் வேலைகளைப் பகலில் வைத்துக்கொண்டேன். உங்கள் இலை வடிவம் முதல் வகையைச் சேர்ந்தது. அதை வெறுக்க வேண்டாம்; இரவுக்கு ஒத்திவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுப்பில் ஏதேனும் இருக்கும்போது ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். பின்னும்போது காது வேலை செய்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எண்ணிக்கை முழுக் கவனத்தையும் இழுத்துக்கொள்கிறது.

பாட்டியின் ஊசி எழுதியது:

மகளே, நாற்பது கண்ணிகள் கழன்றதைப் படித்தபோது என் வயிறும் கலங்கியது. இனி அப்படி நேர்ந்தால் பதறாமல் இருப்பதற்குச் சில வழிகளைச் சொல்கிறேன்.

மாறுபட்ட நிறத்தில், வழுவழுப்பான மெல்லிய நூல் ஒன்றை எடுத்து, தையல் ஊசியில் கோத்து, ஒரு வரிசை முடிந்ததும் பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடேயும் செலுத்தி அப்படியே விட்டுவிட வேண்டும். நாங்கள் இதை உயிர்நூல் என்போம். குழந்தை ஊசியை உருவினாலும், நீங்களே தவறு செய்து பிரிக்க நேர்ந்தாலும், பின்னல் அந்த நூல்வரை வந்து நின்றுவிடும். துளைப் பின்னலாக இருந்தால் வடிவம் ஒருமுறை முடியும் ஒவ்வொரு தடவையும் ஒரு உயிர்நூல் போடுவது நல்லது; உங்கள் கணக்கில் பதினாறு வரிசைக்கு ஒன்று. எங்கே நிற்கிறோம் என்று முதலிலிருந்து எண்ணும் வேலையும் இதனால் குறையும், ஏனெனில் கடைசி உயிர்நூலுக்கு மேலே உள்ளவற்றை மட்டும் எண்ணினால் போதும்.

ஒரே ஒரு கண்ணி மட்டும் கழன்று கீழ்நோக்கி ஓடியிருந்தால், கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் அதைப் பிடித்து, ஏணிப்படி போலத் தெரியும் நூல்களை ஒவ்வொன்றாக அதனுள் இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம். அஞ்ச வேண்டியதில்லை.

வரிசையின் நடுவில் எழுந்து போய்விட்டு வந்து, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்று குழம்புவது எல்லாருக்கும் நேர்வது. நூல்கண்டிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ, அந்த ஊசியை வலக்கையில் பிடியுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே சரியான திசை. தவறாகத் திருப்பிப் பிடித்தால் வரிசையின் ஒரு பாதியில் மட்டும் இரண்டு வரிசை கூடி, ஓரங்கள் சமமின்றிப் போகும்.

நீளமான நேர் ஊசிகளை விட்டுவிட்டு வட்ட ஊசிக்கு மாறிப் பாருங்கள். இரண்டு முனைகளையும் ஒரு கம்பி இணைப்பதால், எழும்போது கண்ணிகள் அனைத்தையும் நடுக்கம்பிக்குத் தள்ளிவிட்டுப் போகலாம். மூங்கில் ஊசியாக இருந்தால் உலோக ஊசியைப் போல வழுக்காது.

அடுப்பங்கரை எழுதியது:

வணக்கம். நான் மூன்று பிள்ளைகளின் தகப்பன். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. பின்னல் எனக்குத் தெரியாது, ஆனால் இரட்டைவால் அவர்கள் சொன்ன பிரிவினை சமையலுக்கு அப்படியே பொருந்துகிறது என்பதால் எழுதுகிறேன்.

அடுப்படி வேலைகளில் விட்டுவிட்டுப் போகக்கூடாதது எண்ணெய். வறுப்பது, பொரிப்பது, தாளிப்பது ஆகிய மூன்றும் ஓரிரு நிமிடத்தில் முடிபவை என்றாலும் அந்த ஓரிரு நிமிடமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். குழந்தை கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். காய் நறுக்குவது, தோலுரிப்பது, பருப்பை ஊறவைப்பது, வேகவைத்த முட்டையை உரிப்பது போன்றவை எத்தனை முறை அறுபட்டாலும் கெடுவதில்லை. நடுவில் நிற்பது வேகவைக்கும் வேலை. தண்ணீர் போதுமான அளவு இருந்து, தீ மிகச் சிறியதாக இருந்து, கடிகார மணியும் வைத்திருந்தால் அது நம்மைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். உங்கள் பருப்பு அடிப்பிடித்ததற்கு நீங்கள் பின்னியது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அடி மெல்லிய பாத்திரமும் அதிகத் தீயும் சேர்ந்திருக்கும். பருப்பைச் சில மணி நேரம் ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அப்போது இந்தச் சிக்கலே பாதி தீர்ந்துவிடும்.

நான் காலையிலேயே மாலைக்கு உரிய காய்களை நறுக்கி மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மாலை ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பசியும் தூக்கமும் கலந்த மனநிலைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் கத்தியைக் கையில் எடுப்பவன் முட்டாள் என்பது என் கருத்து. மீந்த சோற்றை மறுநாளுக்கு வைப்பதாக இருந்தால், பாத்திரத்தோடு மூடி வெளியே வைக்காமல், அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் கொண்டுபோய்விடுங்கள். சோற்றில் இருக்கும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் வேகும் வெப்பத்திலும் சாவதில்லை. வெளியே வெகுநேரம் இருந்தால் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. சிறு வயிறுகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

ஒரு கேள்வி, தவறாக எண்ண வேண்டாம். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா? உங்கள் பதிவில் அடுப்பு, ஊசி, குழந்தை என மூன்றும் இருக்கின்றன. கை மட்டும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறது.

நூல்கண்டு எழுதியது:

நீங்கள் கேட்டதில் தவறில்லை, ஐயா. என் கணவருக்கு மாலையில் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. காலையில் வீட்டில் இருக்கிறார், மகனைக் குளிப்பாட்டுகிறார், மகளைக் கிளப்புகிறார். காய் நறுக்கச் சொல்லலாம் என்பது உண்மையில் எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் மாலையில் என்ன சமைப்பேன் என்பதை மாலையில்தான் முடிவு செய்கிறேன். இன்றிரவே நாளைய சமையலை எழுதிக் கதவில் ஒட்டுகிறேன்.

வாங்குவதே மேல் எழுதியது:

எல்லாரும் வழி சொல்லும் இடத்தில் நான் தடை சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். 4 வயதுப் பிள்ளை ஒரு ஸ்வெட்டரை எத்தனை மாதம் அணியும்? அதை ஆறு மாதம் பின்னினால் முடிவதற்குள்ளேயே அளவு மாறிவிடும். கம்பளி உடலில் குத்துகிறது என்று பிள்ளைகள் கழற்றி எறிகிறார்கள். தவறுதலாகத் துவைப்பு இயந்திரத்தில் போட்டால் பொம்மைக்கு ஆகும் அளவுக்குச் சுருங்குகிறது. என் வீட்டில் அப்படிச் சுருங்கிய ஒன்று இன்னும் இருக்கிறது, பின்னிய நான் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஆயத்த ஆடை வாங்கிவிட்டு அந்த நேரத்தில் உறங்குவதே களைத்த தாய்க்கு உகந்தது என்று கருதுகிறேன்.

பாட்டியின் ஊசி எழுதியது:

வாங்குவதே மேல் அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. சுருங்கிய கம்பளியைப் பார்த்து அழாதவர் பின்னல்காரராக இருக்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் தொடக்கத்திலேயே தீர்வு உண்டு.

கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. வெந்நீர், சோப்பு, உராய்வு மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடுகின்றன. கோத்துக்கொண்டவற்றைப் பிரிக்க முடியாது. அந்தச் செதில்களை மழுங்கச் செய்து அல்லது அவற்றின்மேல் மெல்லிய பூச்சிட்டு, இயந்திரத்தில் துவைக்கக்கூடியதாக ஆக்கிய கம்பளியும் விற்பனைக்கு வருகிறது; குழந்தை இருக்கும் வீட்டில் அதைத்தான் வாங்க வேண்டும். மெரினோ ஆட்டின் கம்பளி இழை மிக மெல்லியது என்பதால் குத்தல் குறைவு. பருத்தி நூலும் குத்தாது, ஆனால் கனமானது; இழுபட்டால் தானாகப் பழைய நிலைக்கு வராது என்பதால் நாளடைவில் தொங்கிவிடும். அக்ரிலிக் நூல் மலிவானது, துவைக்க எளியது. வெப்பத்தில் உருகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அளவு மாறுவதைப் பற்றி: பிள்ளைகள் இந்த வயதில் உயரத்தில் ஆண்டுக்கு 6 முதல் 8 செ.மீ. வரை வளர்கிறார்கள், மார்புச் சுற்றளவில் வளர்ச்சி அதைவிட மிகக் குறைவு. ஆகவே கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் முறையைக் கையாண்டு, அகலத்தை மட்டும் சிறிது தாராளமாக வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு கீழ் விளிம்பையும் கைகளின் விளிம்பையும் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, நான்கு விரற்கடை நீட்டிவிடலாம். கீழிருந்து மேலே பின்னியதை இவ்வளவு எளிதாக நீட்ட முடியாது. இதற்காக ஒரு நூல்கண்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. நூலின் சுற்றுத்தாளில் சாயத் தொகுதி எண் அச்சிட்டிருப்பார்கள், வேறு தொகுதியில் வாங்கினால் அதே நிறம் என்று சொல்லிக் கொடுத்தாலும் வெயிலில் பட்டை தெரியும். என் பேத்தியின் பச்சை ஸ்வெட்டர் இந்த வகையில் இரண்டு முறை நீண்டு, இப்போது அவள் தம்பியிடம் இருக்கிறது.

உறக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த உரையாடலை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். ஸ்வெட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, மகனுக்கு ஒரு தொப்பியில் தொடங்குமாறு நூல்கண்டு அவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். வட்டமாகப் பின்னினால் திருப்ப வேண்டியதில்லை. ஆகவே திசை குழம்புவது குறைவு. கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

முதலில் அதே ஊசியிலும் அதே நூலிலும் 15 செ.மீ. பக்கமுள்ள ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, துவைத்து, உலர்த்தி, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். நடுத்தரப் பருமனுள்ள நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் பெரும்பாலும் 20 அல்லது அதை ஒட்டி வரும். 14 மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 46 செ.மீ. அளவில் இருக்கும், நீங்களே நாடாவால் அளந்து உறுதிசெய்யுங்கள். பின்னல் இழுபடக்கூடியது என்பதால் தலையைவிட 4 செ.மீ. குறைவாக, 42 செ.மீ.க்குப் பின்ன வேண்டும். 10 செ.மீ.க்கு 20 என்றால் 42 செ.மீ.க்கு 84 கண்ணிகள். விளிம்பில் இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போடுவதற்கு நான்கால் வகுபட வேண்டும், 84 வகுபடுகிறது. உச்சியைக் குறைக்கும்போது 84-ஐ ஏழு பங்காகப் பிரித்தால் பங்குக்கு 12. ஒவ்வொரு பங்கின் இறுதியிலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் சுற்றுக்கு ஏழு குறையும். அப்படிக் குறைக்கும் சுற்றுகள் பதினொன்று முடிந்ததும் ஏழே கண்ணிகள் மிஞ்சும், நூலை அறுத்து அவற்றின் ஊடே இழுத்து இறுக்கிவிடலாம்.

மாதிரிச் சதுரத்தைச் சோம்பலால் தவிர்ப்பவர்களுக்கு ஒரு சொல். 20 வரும் என்று நம்பி 84 போட்டு, உங்கள் கை தளர்ந்து 18 மட்டுமே வந்தால், தொப்பி கிட்டத்தட்ட 46.7 செ.மீ. ஆகிவிடும். அது தலையைவிடப் பெரியது. கண்ணை மறைத்து மூக்கில் வந்து உட்காரும்.

உச்சிப் பகுதி குறுகும்போது வழக்கமாக நான்கைந்து குட்டை ஊசிகளுக்கு மாறுவார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள ஒரே வட்ட ஊசியில், மிகுதிக் கம்பியைப் பக்கவாட்டில் வளையமாக வெளியே இழுத்துவைத்தே முழுத் தொப்பியையும் முடிக்கலாம். தரையில் விழ ஊசியே இருக்காது.

வெள்ளுடை எழுதியது:

செவிலியாகப் பணியாற்றுகிறேன், அதனால் இந்த இழையில் வராத சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பின்னும்போது பக்கத்தில் தேநீர்க் கோப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஆன தேநீர்கூடச் சிறு குழந்தையின் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கக்கூடும். மடியில் குழந்தையோ எட்டும் தூரத்தில் நூலோ இருக்கும்போது கோப்பையைச் சுவரோரமாக உயரத்தில் வையுங்கள். நூலை இழுக்கும் குழந்தை கோப்பையையும் சேர்த்தே இழுக்கும். அடுப்பில் பின்வரிசை எரிவாய்களைப் பயன்படுத்தி, பாத்திரத்தின் கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். சுட்டுவிட்டால் உடனே அந்த இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. ஒட்டிக்கொள்ளாத துணியைக் கழற்றிவிட வேண்டும், ஒட்டிக்கொண்டதை உரிக்கக்கூடாது, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். பாட்டி அவர்கள் அக்ரிலிக் உருகும் என்றார்கள். அது உருகித் தோலில் ஒட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த கையுள்ள ஸ்வெட்டரோடு அடுப்பருகே நிற்பது பெரியவர்களுக்கும் ஆகாது.

கைக்குழந்தைக்குப் பின்னும் காலுறையிலும் கையுறையிலும் உள்பக்கம் நீண்ட நூல்கள் குறுக்கே ஓடக்கூடாது. அவை சிறுவிரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்; காரணம் தெரியாமல் விடாது அழும் குழந்தைக்கு விரல்களைப் பிரித்துப் பார்ப்பது நாங்கள் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று. கழுத்தில் கட்டும் கயிறும் தலைமூடியில் இழுகயிறும் வேண்டாம். பொத்தானை இரட்டை நூலால் தைத்து, இழுத்துப் பார்த்த பிறகே அணிவியுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டுக்குள் தொப்பியோடு உறங்கவைப்பதும், பின்னிய போர்வையைத் தளர்வாக மேலே போடுவதும் கூடாது; குழந்தை தலை வழியாகவே உடல் வெப்பத்தைப் பெருமளவு வெளியேற்றுகிறது, போர்வை முகத்தை மூடினால் விலக்கவும் அதற்குத் தெரியாது.

இரட்டைவால் எழுதியது:

மகளின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் வயதில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும் குழந்தை, அதற்குப் பின் மிக மெதுவாகத்தான் வளர்கிறது. பசி குறைவது இயல்பு. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த ஒரு பிரிவினை எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். ஒரு புதிய காயை எட்டு, பத்து, சில வேளை பதினைந்து முறை வற்புறுத்தாமல் தட்டில் கண்ட பிறகே பல பிள்ளைகள் ஏற்கிறார்கள். நாம் மூன்றாம் முறையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

அடுப்பங்கரை எழுதியது:

மதிப்போடு மாறுபடுகிறேன். மூன்று பிள்ளைகளில் மூத்தவனுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்தது. நடுப்பிள்ளை "எவ்வளவு என்பதை நான்தான் முடிவு செய்வேன்" என்று ஒன்றுமே இல்லை என முடிவு செய்தாள், இரவு பதினொரு மணிக்குப் பசி என்று எழுந்தாள். "இரண்டு வாய் சாப்பிட்டால் கதை சொல்கிறேன்" என்று நான் கெஞ்சியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இரட்டைவால் எழுதியது:

கெஞ்சாத பெற்றோர் இருந்தால் அவர்களைக் காட்சிக்கு வைக்கலாம், அண்ணா. ஆனால் பரிசு காட்டி ஊட்டும்போது, காய் என்பது தாண்டிப் போக வேண்டிய தடை, கதையே உண்மையான இனிப்பு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. உறங்கும் முன் ஒரு சிறிய, வழக்கமான, சுவாரசியமில்லாத உணவை எல்லாருக்கும் வைத்துவிட்டால் பதினொரு மணிப் பசி நின்றுவிடுகிறது. பழமும் பாலும் போதும்.

அதைவிடப் பெரிய பலன் தந்தது, சமையலில் அவர்களுக்கு உண்மையான வேலை கொடுத்தது. 4 வயதுப் பிள்ளை கீரை ஆயலாம், பட்டாணி உரிக்கலாம், வெந்து ஆறிய கிழங்கை மசிக்கலாம், காய்களைத் தண்ணீரில் அலசலாம். வேலை இரட்டிப்பாகும், தரை நனையும். ஆனால் அலசும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் காரட், தட்டில் வைத்த காரட்டைவிட நூறு மடங்கு எளிதாக உள்ளே போகிறது. பச்சைக் காரட் பல்லுக்குக் கடினம் என்பதால் மெல்லிய சீவலாக மட்டும் கொடுங்கள்.

வெள்ளுடை எழுதியது:

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகளை 5 வயதுவரை தராதீர்கள். இரண்டும் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவில் இருப்பவை.

நூல்கண்டு எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருப்பதைக் கணவரும் படித்தார்.

இலை வடிவத்தைப் பிரித்துவிட்டேன். ஒத்திவைக்கத்தான் நினைத்தேன், ஆனால் உறங்கும் நேரத்தில் நான் உறங்கவே விரும்புகிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடந்தது. மகளின் இரு கைகளையும் நீட்டச் சொல்லி அவற்றில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டதும் நேராகிவிட்டது. கை நீட்டியபடி அசையாமல் நின்ற அந்த ஐந்து நிமிடம்தான் அவள் பிறந்தது முதல் மிக நீண்ட நேரம் ஓரிடத்தில் நின்ற நேரம்.

காலையில் கணவர் காய் நறுக்குகிறார். அவர் நறுக்கும் துண்டுகள் எனக்கு வேண்டியதைவிட இருமடங்கு பெரியவை. நான் எதுவும் சொல்வதில்லை. மாலையில் மகள் அலசுகிறாள். காரட் சீவல் இறங்குகிறது. கீரை இன்னும் ஏழாவது முறையாகத் தட்டில் நிற்கிறது.

தொப்பியும் நடக்கிறது. மாதிரிச் சதுரத்தில் சரியாக 20 வந்தது, 84 போட்டேன், விளிம்பு முடிந்தது. இப்போது உச்சியைத் தொடங்கலாம் என்று எண்ணினால் 86 இருக்கின்றன. எங்கே கூடியது என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் சிறு துளைகள் தெரிகின்றன. மகள் அவற்றில் ஒன்றினுள் சுண்டுவிரலை விட்டு எனக்குக் காட்டுகிறாள். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிரிக்க வேண்டாம். நடுவில் எழுந்து போய் வரும்போது நூல் ஊசியின் முன்பக்கம் கிடந்திருக்கும். அதைப் பின்னால் தள்ளாமல் நிட் கண்ணி போட்டால் நூல் ஊசியின் மேலேறி ஒரு புதிய கண்ணியாகிவிடும், அதன் அடியில் துளையும் விழும். இரண்டு முறை எழுந்திருக்கிறீர்கள், இரண்டு கூடியிருக்கிறது. உச்சியைத் தொடங்கும் முன் ஒரு சுற்றில், எதிரெதிர் இடங்களில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவதை இருமுறை செய்துவிடுங்கள். 84 ஆகிவிடும், வடிவத்தில் எதுவும் தெரியாது.

பாட்டியின் ஊசி எழுதியது:

துளைகளை அப்படியே விட்டுவிடாதே, மகளே. வெள்ளுடை சொன்னது நினைவிருக்கட்டும், அடுத்து உன் மகனும் அதே இடத்தில் விரல் விடுவான். தொப்பி முடிந்ததும் அதே நூலில் ஒரு முழத் துண்டை மொட்டை ஊசியில் கோத்து, உள்பக்கமிருந்து துளையைச் சுற்றியுள்ள கண்ணிகளின் கால்களைப் பிடித்து இழுத்து மூடி, நுனியை நான்கு கண்ணிகளின் பின்னால் ஒளித்துவிடு. மூடிய பிறகு அது எங்கே இருந்தது என்று உன் மகளைத் தேடச் சொல். நீ சமையலை இறக்கிவைக்கும்வரை தேடிக்கொண்டிருப்பாள்.